குறைவதை அளந்தவர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோ பாலில் பென்சிலின்-ஜி 4 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்தப் பாலை விற்கக் கூடாது. ஒரு கிராம் உப்பை இரண்டரை லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் 4 மைக்ரோகிராம்.

வேறு மாதிரியும் சொல்லலாம். மாட்டுக்கு மடிநோய் வந்தால் பென்சிலினைக் காம்புத் துளை வழியாக மடிக்குள்ளேயே ஏற்றுவார்கள். அப்படி ஏற்றியது ஒரு லட்சம் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் வெறும் 60 மில்லிகிராம். அது அத்தனையும் பாலில் இறங்கினால் 15,000 கிலோ பாலை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு மாடு, ஒரு காம்பு, ஒரு டேங்கர் லாரி.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கும் வேதியியலுக்கும் இருந்த உறவு பொறியியல் முதலாண்டோடு முடிந்துபோனது. ஆனால் இந்த 4 என்கிற எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று தேடப்போய், ஸ்வீடனில் உப்சாலா என்கிற ஒரு பல்கலைக்கழக நகரத்தில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை, தங்கப் படலத்தில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவி, பாலில் மருந்து எச்சம் தேடும் முறை என்று எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனை அந்த ஊரில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தந்திரம். பார்க்க முடியாத அளவுக்குச் சிறிய ஒன்றை, அது எதைத் தடுக்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிப்பது.

1

பென்சிலின் 1940களில் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. கொஞ்ச நாளிலேயே மாட்டுத் தொழுவத்துக்கும் வந்துவிட்டது. பாலில் ஏதோ கலந்திருக்கிறது என்று முதலில் உணர்ந்தவர்களில் சீஸ் தயாரிப்பவர்கள் உண்டு. உறை ஊற்றிய பால் புளிக்கவில்லை. உறையில் இருந்த பாக்டீரியாக்களைப் பாலில் இருந்த பென்சிலின் கொன்றுவிட்டது. நம் வீட்டில் தோசை மாவு புளிக்காவிட்டால் குளிரைத் திட்டுவோம் இல்லையா, அதுபோல அவர்களும் முதலில் உறையையும் பாலையும் சந்தேகித்திருப்பார்கள்.

அடுத்து வந்தது உடம்பின் பிரச்சினை. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஊசிதான் ஆபத்து என்று நினைத்திருந்தார்கள். 1958இல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டன் மருத்துவர்கள் பாலில் இருந்த பென்சிலினால் வந்த தோல் அழற்சியைப் பற்றி எழுதினார்கள். மருந்தே எடுத்துக்கொள்ளாத ஆளுக்கு மருந்தின் ஒவ்வாமை. 1990இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு இதற்கு ஒரு எண் கொடுத்தது. உணவின் வழியாக ஒருவருக்கு ஒரு நாளில் போகும் பென்சிலின்-ஜி 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 40 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே ஒவ்வாமை வந்ததாகப் பதிவுகள் இருந்தன. வழக்கமாக இப்படிப்பட்ட வரம்புகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். இங்கே மனித உடம்பின் ஒவ்வாமையே அளவுகோலாக இருந்தது.

இங்கேதான் விசித்திரம் தொடங்குகிறது. பென்சிலின் மூலக்கூறு மிகச் சிறியது, எடை 334 டால்டன். அதை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி, அதாவது பள்ளிப் பாடப்புத்தகம் எதிர்ப்பொருள் என்று சொல்லும் புரதம், ஒன்றரை லட்சம் டால்டன். இவ்வளவு சிறிய பொருளை நோயெதிர்ப்பு மண்டலம் தனியாகக் கண்டுகொள்ளாது. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் காட்டிய விஷயம் இது. சிறிய மூலக்கூறைத் தனியாக ஊசி போட்டால் விலங்கின் உடம்பு பேசாமல் இருக்கும். அதையே ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டவைத்து ஊசி போட்டால், அந்தச் சிறிய மூலக்கூறை மட்டும் துல்லியமாக அடையாளம் காணும் ஆன்டிபாடிகளை உண்டாக்கும். தனியாக எதிர்ப்பைத் தூண்டாத, ஆனால் தூண்டப்பட்ட எதிர்ப்பு அடையாளம் காணும் இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு அவர் ஹாப்டன் என்று பெயர் வைத்தார். பற்றிக்கொள்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் அவர் பார்த்தார். ஆன்டிபாடி கலந்த திரவத்தில், ஹாப்டன் ஒட்டிய புரதத்தைப் போட்டால் கலங்கி வண்டலாகப் படியும். ஆனால் தனி ஹாப்டனை முதலிலேயே கலந்துவிட்டால் வண்டல் வராது, அல்லது குறைவாக வரும். சிறுசுகள் ஆன்டிபாடியின் கைகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுவிட்டன. கண்ணுக்குத் தெரியாத ஹாப்டன் அங்கே இருக்கிறது என்பதற்கு வண்டல் வராததுதான் சாட்சி.

பென்சிலின் நம் உடம்பில் செய்வதும் இதே ஒட்டுவேலைதான். அதன் நடுவில் நான்கு மூலையுள்ள ஒரு வளையம் இருக்கிறது, பீட்டா லாக்டம். மிகுந்த இழுவிசையோடு வளைக்கப்பட்டிருக்கும் அந்த வளையம் திறந்துகொண்டு, நம் ரத்தப் புரதங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். திறந்த நிலையில் ஒட்டிய அந்த வடிவத்துக்குப் பென்சிலாயில் என்று பெயர். உடம்பு எதிரியாகப் பார்ப்பது பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2

தமிழ்நாட்டில் வளர்ந்த பலருக்கும் டெஸ்ட் டோஸ் தெரிந்திருக்கும். முழங்கைக்குக் கீழே தோலுக்குள் ஒரு துளி மருந்தை ஏற்றிவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போடுவார்கள். “அரிச்சா, தடிச்சா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நர்ஸக்கா அடுத்த ஆளிடம் போய்விடுவார். எனக்குச் சின்ன வயதில் அந்த வட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாபகம் இருக்கிறது. தோல்தான் அங்கே கருவி, அரிப்புதான் அளவீடு.

தோலைக் கருவியாக்கிய சோதனைகளில் புகழ்பெற்றது 1921இல் அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் நடந்தது. ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைத் தன் தோலில் ஏற்றிக்கொண்டார் கார்ல் பிரௌஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறை ஏற்றியதும் தோல் தடித்தது. மீன் சாப்பிட்டால் எதுவும் ஆகாத ஒருவரின் தோலில், இன்னொருவரின் ஒவ்வாமை குடிபெயர்ந்திருந்தது. ஆக, ஒவ்வாமைக்குக் காரணமான ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அது எது என்று தெரிய இன்னும் 45 வருடம் ஆனது. ரத்தத்தில் அது அவ்வளவு குறைவு.

1960களின் நடுவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைப் பிடித்தன. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும். இவர்கள் கணவன் மனைவி. உப்சாலாவில் குன்னார் ஜோஹான்சனும் ஹான்ஸ் பென்னிக்கும். உப்சாலாக்காரர்களுக்கு ஒரு புற்றுநோயாளியின் ரத்தத்தில் அதுவரை வகைப்படுத்தப்படாத ஒரு ஆன்டிபாடி மிக அதிகமாகக் கிடைத்தது. இரு தரப்பும் கண்டது ஒன்றுதான் என்று உறுதியானதும், 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் அதற்கு ஐஜிஈ என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைப்பதற்கு முன்பே, 1967இல், லெய்ஃப் வீடே என்கிற உப்சாலா ஆய்வாளரும் இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு ரத்தப் பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒவ்வாமை தரும் பொருளைச் சின்னச் சின்ன மணிகளின் மேல் ஒட்டவைத்து, நோயாளியின் ரத்தத்தில் ஊறவைத்து, அதில் ஐஜிஈ வந்து ஒட்டியிருக்கிறதா என்று கதிரியக்க அடையாளத்தைக் கொண்டு எண்ணினார்கள். 1971இல் அதே உப்சாலாவில் பென்சிலாயிலை மணிகளின் மேல் ஒட்டி, பென்சிலின் ஒவ்வாமைக்கும் அந்தச் சோதனையைச் செய்தார்கள். அளக்கும் இடம் தோலிலிருந்து சோதனைக்குழாய்க்கு மாறியது.

அந்த மணிகள் எங்கிருந்து வந்தன?

3

இரண்டாம் உலகப்போர் காலம். உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆர்னே டிசேலியஸின் ஆய்வகத்தில் பியோர்ன் இங்கெல்மன் என்கிற இளைஞர் ஸ்வீடன் சர்க்கரை ஆலைகளுக்காக பீட் கிழங்குச் சாறைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆலைகளில் சில சமயம் சாறு கெட்டுக் கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு வகை பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அந்தக் கோழையை உண்டாக்கும். அது குழாயை அடைக்கும், வேலையைக் கெடுக்கும். அதன் பெயர் டெக்ஸ்ட்ரன், சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி.

அதே காலத்தில் ஆண்டர்ஸ் குரோன்வால் என்கிற மருத்துவர் ரத்தத்துக்கு மாற்றாக ஏற்றக்கூடிய திரவம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். போரில் ரத்தம் இழந்தவர்களின் நாளங்களில் அழுத்தம் குறையாமல் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய மூலக்கூறு வேண்டும். அந்தக் கோழையைச் சரியான நீளத்துக்கு வெட்டினால் இதற்கு ஆகும் என்று இருவரும் கண்டார்கள். ஃபார்மேசியா என்கிற நிறுவனம் அதை 1940களின் பிற்பகுதியில் மருந்தாக விற்றது. பின்னர் அந்த நிறுவனம் உப்சாலாவுக்கே குடிவந்தது.

1959இல் அதே டெக்ஸ்ட்ரன் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நீரில் ஊறி உப்பும் மணிகளாக்கினார்கள் யெர்கர் பொராத்தும் பேர் ஃப்ளொடினும். செஃபடெக்ஸ் என்று பெயர். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சல்லடையாக உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் போனது. வீடேயும் ஜோஹான்சனும் பென்னிக்கும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்ட மணிகள் இவைதான். ஆலை வீணென்று கொட்டிய கோழைதான், ஒரு குழந்தைக்குப் பூனை ஒவ்வுமா ஒவ்வாதா என்று சொல்லும் தாங்குமேடையானது.

ஆனால் டெக்ஸ்ட்ரனுக்கே ஒரு ஒவ்வாமை வரலாறு உண்டு. டிரிப்ஸில் டெக்ஸ்ட்ரன் ஏற்றியவர்களில் மிகச் சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகும் நிலை வந்தது. அதற்கு முன் ஒருமுறைகூட டெக்ஸ்ட்ரன் ஏற்றிக்கொள்ளாதவர்களுக்கும் வந்தது. டெக்ஸ்ட்ரன் போன்ற சங்கிலிகளை நம் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாக்களும் உண்டாக்கும், ஆகவே பலரின் ரத்தத்தில் அதை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருந்தன. நீண்ட சங்கிலி உள்ளே வந்ததும் ஒரே சங்கிலியைப் பல ஆன்டிபாடிகள் பிடித்து வலைபோலப் பின்னிக்கொண்டன. அதுதான் விபரீதம்.

தீர்வு லாண்ட்ஸ்டைனரிடமிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடன், ஜெர்மனி ஆய்வாளர்கள் டெக்ஸ்ட்ரனை மிகச் சிறிய துண்டுகளாக, வெறும் 1,000 டால்டன் எடையில் வெட்டினார்கள். பெரிய டெக்ஸ்ட்ரனை ஏற்றுவதற்குச் சில நிமிடம் முன்னால் இந்தத் துண்டுகளைச் செலுத்தினார்கள். துண்டுகள் ஆன்டிபாடிகளின் கைகளைப் பிடித்துக்கொண்டன. அவை ஒரு கையைப் பிடிக்கும் அளவுதான் நீளம், இரண்டு ஆன்டிபாடிகளை இணைக்கும் நீளம் இல்லை. அதனால் வலை பின்னவில்லை. பிறகு வந்த பெரிய சங்கிலிக்குப் பிடிக்க ஆள் இல்லை. கடுமையான எதிர்வினைகள் பெருமளவு குறைந்தன. லாண்ட்ஸ்டைனரின் சோதனைக்குழாயில் வண்டல் படியாமல் போனதே, அதே வேதியியல் இங்கே ஒரு ஆளை அறுவைசிகிச்சை மேசையில் உயிரோடு வைத்திருந்தது.

4

தடுப்பை வைத்து அளவைக் கணக்கிடலாம் என்பதை ஒரு துல்லியமான முறையாக ஆக்கியவர்கள் நியூயார்க் பிராங்க்ஸ் நகர்ப்பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் இருந்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரர்களின் உடம்பு அதற்கு ஆன்டிபாடி உண்டாக்குகிறது என்று 1955இல் எழுதியபோது ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. இன்சுலின் அவ்வளவு சின்னப் புரதம், அதற்கெல்லாம் ஆன்டிபாடி வராது என்பது அன்றைய நம்பிக்கை. தலைப்பிலிருந்து ஆன்டிபாடி என்கிற சொல்லை எடுத்த பிறகுதான் கட்டுரை வெளியானது. 1977இல் நோபல் பரிசு உரையில் யாலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தையே காட்டினார். பெர்சன் 1972இல் இறந்துவிட்டிருந்தார்.

அவர்களின் முறையை ஆட்டோ ஸ்டாண்டை வைத்து விளக்குகிறேன். ராத்திரி கடைசி ரயில் வருமுன் ஸ்டேஷன் வாசலில் 20 ஆட்டோ நிற்கிறது. ரயில் வந்து போன பிறகு நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள். 18 ஆட்டோ நின்றால் இறங்கியவர்கள் கொஞ்சம் பேர். 3 நின்றால் நல்ல கூட்டம். இறங்கியவர்களில் ஒருவரைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. மிச்சம் நின்ற ஆட்டோவைத்தான் எண்ணினீர்கள். ஆட்டோ என்பது ஆன்டிபாடி, பயணி என்பது நாம் தேடும் மூலக்கூறு. யாலோவும் பெர்சனும் எண்ணுவதற்குக் கதிரியக்கத்தைப் பயன்படுத்தினார்கள். 1971இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் கதிரியக்கத்தை எடுத்துவிட்டு, நிறம் உண்டாக்கும் நொதியை வைத்தார்கள். அதுதான் இன்று எல்லா லேபிலும் இருக்கும் எலைசா.

எண்ணுவதற்கு ஒளியே போதும், எந்த ஒட்டுச்சீட்டும் வேண்டாம் என்று ஆனது அடுத்த கட்டம்.

1902இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், நுண்ணிய கோடுகள் கீறிய உலோகப் பரப்பில் ஒளி சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறமாலையில் இருக்கக் கூடாத இடத்தில் இருட்டுப் பட்டைகள் இருந்தன. அவருக்கு விளக்கம் தெரியவில்லை. உலோகத்தின் பரப்பில் எலெக்ட்ரான்கள் கூட்டமாக அலைபாய்கின்றன, ஒளியின் ஆற்றலை அவை வாங்கிக்கொள்கின்றன என்பது பிற்பாடு புரிந்தது. 1968இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஓட்டோவும், தனியாக எரிக் கிரெச்மனும் ஹைன்ஸ் ரேத்தரும், கண்ணாடி முப்பட்டகத்தைக் கொண்டு அந்த அலையை விரும்பியபடி எழுப்பும் வழிகளைக் கண்டார்கள்.

முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசுங்கள். கண்ணாடிப் பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சினால் எல்லாக் கோணத்திலும் திரும்பி வரும், ஒரு கோணத்தில் மட்டும் வராது. தங்கம் வாங்கிக்கொண்டுவிடும். அந்த இருட்டுக் கோணம் எங்கே விழும் என்பது தங்கத்தின் மறுபக்கத்தில், சில நூறு நானோமீட்டர் தூரத்துக்குள், என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏதாவது வந்து ஒட்டினால் கோணம் நகரும். 1983இல் ஸ்வீடனின் லிங்ஷோபிங் பல்கலைக்கழகத்தில் போ லீட்பெரி, கிளேஸ் நீலாண்டர், இங்கெமார் லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் இதை வைத்து ஆன்டிபாடி வந்து ஒட்டுவதைப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். மறு வருடமே ஃபார்மேசியா உப்சாலாவில் இதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியது. 1990இல் பயாகோர் என்கிற கருவி சந்தைக்கு வந்தது. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு பிக்கோகிராம் புரதம் ஒட்டினால், இருட்டுக் கோணம் ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகரும். அதைக் கருவி படித்துவிடும்.

ஒரு சிக்கல். வெறும் தங்கத்தில் புரதங்கள் கண்டபடி ஒட்டிச் சிதைந்துபோகும். அதன் மேல் மென்மையான, நீரில் மிதக்கும் ஒரு விரிப்பு வேண்டும். அவர்கள் எதை விரித்தார்கள் என்று ஊகித்திருப்பீர்கள். டெக்ஸ்ட்ரன். அதே பீட் கிழங்குக் கோழை.

5

கருவி வந்துவிட்டது, பென்சிலினை நேரே பார்க்கலாமே என்றால், முடியாது. இந்த ஒளி ஒட்டியதன் நிறையைத்தான் உணர்கிறது. 334 டால்டன் பென்சிலின் ஒட்டினால் வரும் நகர்வு, ஆன்டிபாடி ஒட்டினால் வருவதில் ஏறக்குறைய 450இல் ஒரு பங்கு. நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தெரியாத அதே சிறுசு, தொடக்ககாலக் கருவியின் கண்ணுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே குருட்டுப்புள்ளி.

ஆகவே மறுபடியும் ஆட்டோ ஸ்டாண்டு. தேடும் மூலக்கூறையே தங்கத்தின் மேலிருக்கும் விரிப்பில் ஒட்டிவைப்பார்கள். சோதிக்க வேண்டிய பாலிலோ தண்ணீரிலோ அளந்த ஆன்டிபாடியைக் கலந்து அதன் மேல் ஓடவிடுவார்கள். மாதிரி சுத்தமாக இருந்தால் ஆன்டிபாடிகள் எல்லாம் கை காலியாக வந்து விரிப்பில் ஒட்டும், கோணம் நன்றாக நகரும். மாதிரியில் எச்சம் இருந்தால் ஆன்டிபாடிகள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும், கோணம் குறைவாக நகரும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அழுக்கு. 1993இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் மரியா மின்னுன்னியும் மார்கோ மாசினியும் அட்ரசின் என்கிற களைக்கொல்லியைக் குடிநீரில் இப்படித் தேடினார்கள். ஐரோப்பாவில் குடிநீரில் ஒரு பூச்சிமருந்துக்கோ களைக்கொல்லிக்கோ உள்ள வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். 1995இல் உப்சாலாவில் ஓசா ஸ்டெர்னெஷோவின் குழு பாலில் சல்ஃபாமெதசின் என்கிற மருந்தின் எச்சத்தை அளந்தது.

அடுத்தது பென்சிலின். அங்கேதான் கதை கடினமானது. பென்சிலினுக்கு ஆன்டிபாடி வேண்டுமென்றால் அதைப் புரதத்தில் ஒட்டி விலங்குக்குச் செலுத்த வேண்டும். ஒட்டும்போது வளையம் திறந்துவிடுகிறது. கிடைக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் திறந்த வடிவத்தைத்தான் விரும்பும், நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் பென்சிலாயிலின் வடிவத்தை. ஆனால் சட்டத்தின் 4 மைக்ரோகிராம் வளையம் மூடிய, சிதையாத பென்சிலினுக்கு. சட்டம் தேடச் சொல்லும் ஆளின் முகம் வேறு, காவலுக்கு நிறுத்திய நாய்க்குத் தெரிந்த வாசனை வேறு.

உப்சாலா குழு இதை ஒரு நொதியைக் கொண்டு தாண்டியது. பாக்டீரியாவின் சுவரைக் கட்ட உதவும் கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்கிற நொதியைப் பென்சிலின் முடக்கும். இப்படிச் சுவர் கட்டும் நொதிகளை முடக்கித்தான் பென்சிலின் பாக்டீரியாவைக் கொல்கிறது. வளையம் மூடியிருந்தால் மட்டுமே அது முடியும். அந்த நொதியையும், அது வெட்டவேண்டிய ஒரு சிறு பெப்டைடையும் பாலில் விட்டார்கள். வெட்டும் வேலை எவ்வளவு நடந்தது என்பதை ஆன்டிபாடியையும் ஒளியையும் வைத்து அளந்தார்கள். 2002இல் வெளியான இந்த முறையில் கருவி பென்சிலினைத் தேடவேயில்லை. பென்சிலின் நிறுத்திவைத்த வேலையைத் தேடியது.

இவ்வளவு நேர்த்தி இருந்தும், பால் நிலையங்களில் இன்று அதிகம் புழங்குவது பயாகோர் இல்லை. 1970களில் நெதர்லாந்தில் வந்த டெல்வோடெஸ்ட் இருக்கிறது. ஊதா நிறக் கூழில் பாக்டீரியா வளர்ந்தால் மஞ்சளாகும், ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து. காகிதப் பட்டைகள் இருக்கின்றன, பல வகைகளில் கோடு தெரியாமல் போனால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். மலிவு, விரைவு, டேங்கர் வாசலிலேயே நின்று பார்க்கலாம். ஒளிக்கருவி ஆய்வகங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் தங்கிவிட்டது. ஆனால் வென்றவையும் அதே தந்திரத்தில்தான் ஓடுகின்றன. வராத நிறம், மறைந்த கோடு.

6

என் வேலையிலும் இதே தந்திரம் உண்டு. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, சில நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பச் சொல்லுவோம். செய்தி வராவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு அழைப்பு வந்து எழுந்து பார்த்தால் சர்வர் நன்றாக இருக்கும், நடுவில் நெட்வொர்க் அறுந்திருக்கும். இல்லாமையை அடையாளமாக வைத்தால் அதற்கு எப்போதும் இரண்டு காரணம் இருக்கலாம். ஆட்டோ குறைந்தது பயணிகள் ஏறிப்போனதாலா, ஓட்டுநர்கள் சாப்பிடப் போனதாலா? ஆன்டிபாடி கெட்டுப்போயிருந்தாலும், பாலின் கொழுப்பு விரிப்பை மூடியிருந்தாலும் கோணம் குறைவாகத்தான் நகரும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் மருந்தே இல்லாத பாலையும், தெரிந்த அளவு மருந்து கலந்த பாலையும் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். அதைச் செய்யாமல் விட்டால் ஒரு விவசாயியின் நல்ல பால் சாக்கடைக்குப் போகும்.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் நோயாளிகளில் சுமார் 10 சதவீதம் பேரின் கோப்பில் பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதியிருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பென்சிலின் எதுவும் செய்வதில்லை. சிறுவயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பை மருந்தின் மேல் போட்டிருப்பார்கள், அல்லது இருந்த ஒவ்வாமை வருடங்கள் போகப்போக மங்கியிருக்கும். ஆனால் கோப்பில் எழுதியது அழிவதில்லை. அந்த ஒரு வரிக்காக அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இன்னும் விலை கூடிய, இன்னும் பரந்து தாக்கும் மருந்துகள் எழுதப்படுகின்றன. மறுபக்கம், உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அந்த வரிதான் உயிர். ஆகவே அழிக்கவும் பயம், விடவும் நஷ்டம். சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

4 மைக்ரோகிராமுக்கே திரும்பி வருகிறேன். வரம்பின் விளிம்பில் இருக்கும் பாலில் 250 மில்லி குடித்தால் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் பென்சிலின் உள்ளே போகும். நிபுணர் குழு சொன்ன 30இலிருந்து வெகுதூரம். அந்தத் தூரம் வேண்டுமென்றே வைத்தது, மனிதன் பால் மட்டுமே சாப்பிடுவதில்லை. ஆனால் அந்த 4 வளையம் மூடிய பென்சிலினை மட்டும் கணக்கில் எடுக்கிறது. வளையம் திறந்து பால் புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டது அந்தக் கணக்கில் வராது. ஒவ்வாமை உள்ள உடம்பு பழகிவைத்திருக்கும் வடிவமோ அதுதான்.

இனி எந்த ஆய்வறிக்கையிலாவது ‘கண்டறியப்படவில்லை’ என்று படித்தால், எதை எதைக் கொண்டு தேடினார்கள் என்று ஒரு வரி கீழே போய்ப் பார்ப்பேன். பெரும்பாலான அறிக்கைகளில் அந்த வரி இருக்கத்தான் செய்கிறது, சிறிய எழுத்தில்.